ஒறம்பரை வந்தா எடுக்கலாம்னு அட்டாலியில் ஏற்றின சாமான்கள்: புழங்கலாமா?

தூக்குப்போசி | திங்கள், இரவு 9:12

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெருந்துறைக்குத் தெற்கே தோட்டத்து வீடு. காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் அட்டாலியை (பரணை) ஒட்டடை அடிக்க ஏறினேன். மூலையில் நீல பாலித்தீன் தாளில் சுற்றி, சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டின ஒரு சுருள் கிடந்தது. ஆத்தாவுடைய (பாட்டியுடைய) பவானி ஜமக்காளம்.

கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமான அடுத்த வருசம் ஆடிப்பெருக்குக்குப் பவானிக் கூடுதுறைக்குப் போனபோது அப்பாரு (தாத்தா) இரண்டு ஜமக்காளம் வாங்கினாராம். ஒன்று புழங்குவதற்கு, இன்னொன்று பெரிய ஒறம்பரை (விருந்தாளி) வந்தால் விரிப்பதற்கு. அந்தப் பெரிய ஒறம்பரை யார் என்று கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. கலெக்டரே வந்திருந்தாலும் ஆத்தா ஒரு நிமிசம் யோசித்திருக்கும்.

கயிற்றை அறுத்து ஆசாரத்தில் (கூடத்தில்) விரித்தேன். ஓரத்தில் சிவப்பும் பச்சையும் நேற்று வாங்கின மாதிரி இருந்தது. நடுவில் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. ஒரு வட்டல் அளவுக்கு ஓட்டை, அதைச் சுற்றி மடிப்புக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். நாற்றம் வேறு.

இதனுடைய ஜோடி அத்தை வீட்டில் இருக்கிறது. அதில் கடலைக்காய் காயப்போட்டிருக்கிறார்கள். நாங்கள் ஒன்பது பேரப்பிள்ளைகளும் அதில்தான் தவழ்ந்தோம், மற்றதும் செய்தோம். ஊரில் எழவு விழுந்தால் முதலில் இரவல் போவது அதுதான். நிறம் வெளுத்து, தாத்தாக்கள் போடும் பழைய கட்டம் போட்ட சட்டை மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ஓட்டை இல்லை.

அன்றைக்கே மனது மாறி, அம்மாவிடம் கேட்டு நாலு சாமான் கோவைக்கு எடுத்து வந்துவிட்டேன். பேர் வெட்டின பித்தளைப் போசி (பாத்திரம்) ஒன்று, கல்சட்டி ஒன்று, மூன்று கால் வைத்த இரும்புச் சந்தகை (சேவை) மிஷின், அப்புறம் அம்மாவுடைய கூறைச்சேலை. ஓட்டை ஜமக்காளத்தையும் காரில் போட்டுக்கொண்டேன். அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "எடுத்துட்டுப் போ கண்ணு. பத்திரமா வெச்சுக்கோ. புழங்கிப் பாழாக்கிறாத."

புழங்காமல் பாழானதைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் போசியை அடுப்பில் ஏற்றவும் கை வரவில்லை. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

கட்டுத்தரை | திங்கள், இரவு 9:31

எலிகிட்ட மட்டும் யாரும் "புழங்காத"ன்னு சொல்லலை போல இருக்குங்க.

சாளைக்காரன் | திங்கள், இரவு 10:05

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எலி தின்றது பத்திரப்படுத்தியதால் இல்லைங்க, சரியாகப் பத்திரப்படுத்தாததால். வருசத்துக்கு இரண்டு தடவை எடுத்து வெயில் காட்டி, வசம்பும் வேப்பிலையும் போட்டு வைத்திருந்தால் இன்றைக்கும் புதுசாக இருந்திருக்கும். பாலித்தீனில் கட்டினதுதான் தப்பு. அதை வைத்து "எல்லாவற்றையும் எடுத்துப் புழங்கு" என்று முடிவுக்கு வருவது அவசரம்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் அம்மிச்சியுடைய (அம்மாவைப் பெற்றவர்) கல்சட்டி. தாராபுரத்தில் அவர் வாழ்ந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த ஒரே சாமான். நானும் உங்களைப் போலத்தான், சும்மா கிடக்கிறதே என்று எடுத்து வாரம் ஒரு தடவை வெந்தயக் குழம்பு வைத்தேன். பிரமாதமாக இருந்தது, அதை மறுக்கவில்லை. ஒரு நாள் மிச்சக் குழம்பைச் சட்டியோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அப்படியே எடுத்து கேஸ் அடுப்பில் ஏற்றினேன். "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். குழம்பு பர்னருக்குள் இறங்கி அடுப்பும் அணைந்துவிட்டது.

அம்மிச்சி அறுபது வருசம் புழங்கினார், நான் பதினோரு மாதம் புழங்கினேன். கடையில் வேறு கல்சட்டி கிடைக்கும்தான், ஆனால் அது அம்மிச்சி கைபட்டது ஆகாது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதைக் கண்ணாடி அலமாரியில் வைப்பதில் என்ன தப்பு?

ஈயச்சொம்பு | செவ்வாய், காலை 6:20

சாளைக்காரன் தம்பி, மனது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் சட்டி புழங்கியதால் உடையவில்லை. புழங்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாததால் உடைந்தது. அம்மிச்சி சமையலறையில் நீங்கள் ஒரு மாதம் நின்றிருந்தால், சூட்டுச் சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, குளிர்ந்த சட்டியை நேராகத் தீயில் வைக்கக் கூடாது என்று வாயால் சொல்லாமலே கை கற்றிருக்கும். குற்றம் சொல்லவில்லை. எங்கள் தலைமுறைதான் "நீ போய்ப் படி" என்று சமையலறையிலிருந்து விரட்டினது.

தூக்குப்போசி அம்மணி, உங்கள் கல்சட்டி எவ்வளவு நாள் சும்மா கிடந்தது? பல வருசம் என்றால் புதுச் சட்டி மாதிரியே மறுபடி பழக்குங்கள். உள்ளும் புறமும் விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி இரண்டு நாள் ஊறவிடுங்கள். கழுவிவிட்டு, சோறு வடித்த சூடான கஞ்சியை ஊற்றி ஆறவிடுங்கள். தினம் கஞ்சியை மாற்றி ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள். அப்புறம் சிறுதீயில் வெந்நீர் கொதிக்க வைத்துப் பாருங்கள். சமைக்கும்போதும் குழம்பு முக்கால் பதம் வந்ததுமே அடுப்பை அணைத்துவிடலாம், இறக்கின பிறகும் நின்று கொதிக்கும். எவர்சில்வர் பழக்கத்தில் முழுப் பதத்துக்கு விட்டால் கீரை குழைந்து கூழாகும்.

போசிக்கு வருவோம். உள்ளே ஈயம் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளி மாதிரி மங்கலாகத் தெரிந்தால் இருக்கிறது. மஞ்சள் பல்லைக் காட்டினால் போய்விட்டது. ஈயம் போன பித்தளையில் புளி, தக்காளி, மோர் எதுவும் ஆகாது, களிம்பு ஏறும். வயிற்றைக் கெடுக்கும்.

ஈயம் பூசுகிறவரைத் தேடிப் பிடியுங்கள். முன்பெல்லாம் நோம்பிச் சாட்டு (கோயில் திருவிழா அறிவிப்பு) விழுந்ததும் அவரே வந்து வேப்பமரத்தடியில் குழி வெட்டி உட்கார்ந்துவிடுவார். மண்ணில் ஒரு முழக் குழி, அதில் கரி, பக்கவாட்டில் தோல் துருத்தி. பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்த்து, கரி மேல் கவிழ்த்தும் நிமிர்த்தியும் காய்ச்சுவார். நவச்சாரத்தைத் தூவினதும் வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பும், எங்களுக்குக் கண் எரியும், ஆனாலும் நகர மாட்டோம். ஈயக் குச்சியைப் பாத்திரத்தின் வயிற்றில் ஒரு கோடு இழுப்பார். அடுத்த நொடி பஞ்சை வைத்து ஒரே சுற்று. கருத்துக் கிடந்த போசி உள்ளே நிலா மாதிரி திரும்பும். அப்படியே தண்ணீர்த் தொட்டியில் முக்குவார், ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். முப்பது வீட்டுப் பாத்திரமும் வரிசையில் காத்திருக்கும். எது யாருடையது என்று குழம்பாமல் இருக்கத்தான் பேர் வெட்டுவது.

இப்போது அவர்கள் கையில் சுற்றும் ஊதுலையோ கரண்டில் ஓடும் புளோயரோ வைத்திருக்கிறார்கள். பரவாயில்லை. ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: வெள்ளீயம்தான் பூச வேண்டும். காரீயம் கலந்தால் மலிவு, ஆனால் அது விஷம். வீட்டுக்கு வந்த பிறகு வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்காதீர்கள், வறுக்காதீர்கள், தாளிக்காதீர்கள். ஈயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். தண்ணீரோ பருப்போ உள்ளே இருக்கும் வரைக்கும் பயமில்லை. கம்பி நார் போட்டுத் தேய்க்கவும் கூடாது.

என் பேர் ஏன் ஈயச்சொம்பு என்று கேட்பவர்களுக்கு: வீட்டுக்காரம்மா ரசம் வைத்த சொம்பைக் காலியாக அடுப்பில் மறந்து, அது உருகிப் பர்னர் மேல் உட்கார்ந்த அன்று வைத்துக்கொண்ட பேர் இது. ஆக, நானும் யோக்கியன் இல்லை.

மூணாவது_மாடி | செவ்வாய், காலை 8:47

அபார்ட்மென்ட்வாசிகளுக்கு ஒரு எச்சரிக்கை. இன்டக்‌ஷன் அடுப்பில் பித்தளை வேலை செய்யாது. அடுப்பு கத்திக்கொண்டே இருக்கும். நான் கேஸ் சிலிண்டர் தீர்ந்த ஒரு நாளில் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் ஒரு வயிற்றெரிச்சல். எங்கள் வளாகத்து வாசலில் ஆட்டுக்கல் ஒன்று வைத்து அதில் மணி பிளான்ட் வளர்க்கிறார்கள். குழவி தனியாக லிஃப்ட் பக்கத்தில் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறது. கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊரில் ஆட்டுக்கல்லுக்கு இந்தக் கதி. போகிற வருகிற நேரமெல்லாம் குழவியைத் தூக்கிக் குழியில் வைக்கத் தோன்றும். செடி இருக்கிறதே என்று விட்டுவிடுகிறேன்.

பொடக்காலி | செவ்வாய், பிற்பகல் 2:15

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு கேள்வி மட்டும் யாரும் கேட்கவில்லை. புழங்கினால் யார் துலக்குவது?

நான் 1994-இல் இந்த வீட்டுக்கு வந்தேன். மாமியாருடைய பித்தளை முப்பத்திரண்டு உருப்படி. அண்டா, தவலை, குடம், சொம்பு, போசி, கிண்ணி, தாம்பாளம். மாரியம்மன் நோம்பிக்கு ஒரு வாரம் முன்னால் எல்லாவற்றையும் பொடக்காலியில் (கொல்லைப்புறத்தில்) இறக்கிவிடுவார்கள். நானும் நங்கையும் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு நாள். புளியும் சாம்பலும் செங்கல் பொடியும். நகக்கண்ணில் புளி ஏறி ராத்திரி சோறு பிசையும்போது எரியும் பாருங்கள், அதையும் அந்த நிலா மாதிரி திரும்பின போசியோடு சேர்த்து எழுதுங்கள் ஐயா.

எவர்சில்வர் வந்ததை நான் பாரம்பரியம் போனதாகப் பார்க்கவில்லை. 1980-களில் சேலம் உருக்காலையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு உருட்ட ஆரம்பித்ததற்கு நான் ஒரு பொங்கல் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். பித்தளையை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கின பெண்களைப் பார்த்து "அருமை தெரியாதவர்கள்" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு சொம்புகூடத் துலக்காதவர்கள். எங்கள் வீட்டுக்காரரும் இதில் சேர்த்தி. குடும்ப வாட்ஸாப் குழுவில் பித்தளைப் பாத்திரத்தின் மகிமை பற்றி வாரம் ஒன்று அனுப்புவார்.

இன்னொன்று. பூட்டி வைத்த ஆத்தாக்களைக் கேலி செய்ய வேண்டாம். அவர்களுக்கு அது வெறும் பாத்திரம் இல்லை, பேங்க். மழை பொய்த்த வருசம், ஆஸ்பத்திரிச் செலவு வந்த வருசம், ஒரு அண்டா அடகுக் கடைக்குப் போகும். வெள்ளாமை வந்தால் திரும்பி வரும். எங்கள் மாமியாருடைய பெரிய தவலை மூன்று தடவை போய் வந்தது என்று சொல்வார். நல்ல சாமானைத் தேயாமல் நெளியாமல் வைத்திருந்தது இதற்காகத்தான். ஒறம்பரை என்பது வெளியில் சொல்லிக்கொண்ட காரணம்.

தூக்குப்போசி | செவ்வாய், மாலை 6:40

பொடக்காலி அக்கா, நீங்கள் எழுதினதை அம்மாவுக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தப் போசிக்கு ஜோடி ஒண்ணு இருந்துச்சு. உன்னைய காலேஜ்ல சேர்த்த வருசம் போனது வரலை" என்றார். எனக்கு இது வரைக்கும் தெரியாது.

போசியில் பேருக்குக் கீழே கோணலாக ஒரு எண் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. கல்யாண வருசமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு எழுத்து திருப்பிப் போட்டிருக்கிறது.

நொய்யல்கரை | செவ்வாய், இரவு 8:58

பேர் வெட்டினது என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறதே, அங்கே தோண்டி எடுத்த பானை ஓடுகளில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் ஆள் பேர்கள் கீறியிருக்கின்றன. 2000 வருசத்துக்கும் முந்தினவை. கல்மணி செய்தவர்களும் இரும்பு உருக்கினவர்களும் இருந்த ஊர். பெரிய கல்வெட்டு எதுவும் இல்லை, "இது என் சட்டி" என்று சொல்லுகிற மாதிரி ஒரு பேர், அவ்வளவுதான். அங்கேயும் பாத்திரம் மாறிப்போகும் தொல்லை இருந்திருக்கும் போல.

உங்கள் போசியில் எழுத்துத் திரும்பியிருப்பதைச் சரிசெய்துவிடாதீர்கள்.

தறிக்குழி | புதன், காலை 7:10

நான் பவானிக்காரன். எங்கள் தாத்தா ஜமக்காளம் நெய்தார், அப்பா கொஞ்ச காலம் நெய்தார், நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இந்த வரிசையிலேயே கதை முடிந்துவிட்டது.

ஜமக்காளத்தை மடித்து அட்டாலியில் வைப்பது தாத்தாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். சிரித்திருப்பார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரன் மில் துணி வந்து கைத்தறி விலையை உடைத்தபோது, முரட்டு நூலுக்குச் சாயம் ஏற்றிப் பட்டை பட்டையாக நெய்து பிழைத்த சரக்கு இது. மேலே உட்காரவும் உருளவும் மிதிக்கவும் என்றே செய்தது. அகலமான உருப்படிக்குக் குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருவர் ஊடை நூல் சுற்றின நாடாவைத் தள்ள, மற்றவர் வாங்கித் திருப்பித் தள்ளுவார். இரண்டு பேருக்கும் சண்டை என்றால் அன்றைக்குத் துணியில் தெரியும், ஊடை (குறுக்கு நூல்) ஒரு பக்கம் இறுகியும் ஒரு பக்கம் தளர்ந்தும் இருக்கும். தாத்தாவும் அவர் பங்காளியும் நெய்த ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது, நடுவில் ஒரு முழம் கோணல். தீபாவளி போனஸ் தகராறு என்று அப்பா சொல்வார்.

1985-ஆம் வருசச் சட்டத்தில் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். 2005-06-இல் புவிசார் குறியீடும் வந்தது. இருந்தும் பவர்லூம் சரக்கு அதே பேரில் கடையில் கிடக்கிறது. வாங்கின ஜமக்காளம் தேய்ந்தால்தான் அடுத்தது வாங்குவார்கள். எல்லோரும் ஒன்றை வாங்கி ஆயுசுக்கும் பூட்டி வைத்தால் தறி எப்படி ஓடும், சொல்லுங்கள்.

தூக்குப்போசி, ஓட்டை ஜமக்காளத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஓரங்கள் நன்றாக இருக்கிறது என்றீர்கள் அல்லவா, வெட்டிவிடுங்கள். உட்காருகிற தடுக்காக ஆக்கலாம். ஆனால் இஷ்டத்துக்குக் கத்தரி போட்டால் பிரிந்து போகும். நிறப் பட்டை ஓடுகிற போக்கிலேயே, ஒரு பட்டை முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிற கோட்டில் வெட்டுங்கள். வெட்டின விளிம்பில் ஒரு அங்குலத்துக்கு ஊடை நூலை உருவி எடுங்கள். நெடுக்கில் ஓடும் பாவு நூல் மட்டும் தொங்கும். அதை எட்டு எட்டு இழையாகப் பிடித்து முடிச்சுப் போடுங்கள், பழையபடி குஞ்சம் ஆகிவிடும். பக்கவாட்டில் வெட்ட வேண்டி வந்தால் அந்த ஓரத்துக்குக் கெட்டித் துணியில் பட்டி கொடுத்துத் தைத்தே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. முதலில் தனியாக ஊறப்போட்டு அலசி, நிழலில் காயவையுங்கள். எலி நாற்றம் ஒரே அலசலில் போகாது.

சாளைக்காரன் | புதன், காலை 9:26

தறிக்குழி அண்ணா, ஜமக்காளத்துக்குச் சரி. நெய்ய இன்னும் ஆள் இருக்கிறார்கள். செய்ய ஆளே இல்லாத சாமானுக்கு என்ன சொல்வீர்கள்? அதைத்தான் நான் கேட்டேன்.

ஈயச்சொம்பு ஐயா சொன்னதை இரண்டு தடவை படித்தேன். ஒத்துக்கொள்கிறேன், எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. ஆனால் அதுவே என் கட்சிக்கும் பொருந்தும். தெரியாதவன் கையில் புழக்கத்துக்குக் கொடுப்பதைவிட அலமாரி மேல்.

கட்டுத்தரை | புதன், காலை 9:40

உடைஞ்ச சட்டியை என்ன பண்ணுனீங்க சாளைக்காரரே?

சாளைக்காரன் | புதன், காலை 9:52

பாதி நன்றாக இருந்தது. கோழிக்குத் தண்ணீர் வைக்கிறேன்.

கட்டுத்தரை | புதன், காலை 9:53

அப்ப இன்னும் புழக்கத்துலதான் இருக்குது.

சந்தகை_ஞாயிறு | புதன், இரவு 10:30

இழை முழுக்கப் போசியும் ஜமக்காளமும் ஓடுகிறது, மூன்று கால் மிஷினை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை! எனக்கு அதுதான் உயிர்.

எங்கள் வீட்டில் மாதம் இரண்டு ஞாயிறு சந்தகை. புழுங்கலரிசியை ஊறப்போட்டுக் கெட்டியாக ஆட்டி, இட்லியாக அவித்து, ஆவி பறக்கும்போதே மிஷினில் போட வேண்டும். ஆறினால் பிழியவே முடியாது, கை கழன்றுவிடும். ஒருத்தர் இட்லியை எடுத்துப் போட, ஒருத்தர் கைப்பிடியைச் சுற்ற, ஒருத்தர் கீழே வட்டலைப் பிடித்து வட்டமாகச் சுழற்ற, நாலாவது ஆள் தேங்காய்ப்பாலில் வெல்லமும் ஏலக்காயும் கலக்க. சின்னப்பிள்ளை ஒன்று மிஷின் காலைக் கட்டிப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும், இல்லாவிட்டால் சுற்றுகிற வேகத்தில் மிஷினே நகரும். எனக்கு ஐந்து வயதில் கொடுத்த வேலை அது. இப்போது என் தம்பி மகன் பார்க்கிறான்.

இரும்பு உடைந்து யாருடைய சந்தகை மிஷினும் வீணானதாக நான் கேள்விப்பட்டதில்லை. அது அட்டாலிக்குப் போவது வீட்டில் நாலு பேர் இல்லாமல் போகும்போது. எங்கள் பெரியம்மா வீட்டில் மூன்று பிள்ளைகளும் வெளிநாடு. பெரியம்மா மிஷினை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். கடையில் பாக்கெட் சேவை வாங்கித் தாளித்துக்கொள்கிறார். அவரிடம் போய் "எடுத்துப் புழங்குங்கள் பெரியம்மா" என்று நான் எந்த வாயால் சொல்ல?

தூக்குப்போசி, உங்கள் மிஷினில் துரு இருந்தால் புளித் தண்ணீரில் தேய்த்து, உடனே துடைத்து, நல்லெண்ணெய் போட்டு முதல் இரண்டு ஈடு இட்லியைப் பிழிந்து மாட்டுக்கு வைத்துவிடுங்கள். மூன்றாவது ஈடு உங்களுக்கு.

பொடக்காலி | வியாழன், பிற்பகல் 1:50

முந்தாநாள் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். உண்மையைச் சொன்னால் முப்பத்திரண்டில் ஒன்றை நான் எடுத்து வைத்துக்கொண்டேன், தண்ணீர்ச் சொம்பு. மற்றதெல்லாம் நங்கையும் நாத்தனாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு சொம்பு துலக்குவது வேலையே இல்லை. வாரம் ஒரு நாள், எலுமிச்சைத் தோல் போதும். முப்பத்திரண்டு என்றால்தான் அது தண்டனை.

கூறைச்சேலையைப் பற்றி யாரும் சொல்லாததால் சொல்கிறேன். பட்டு ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த மடிப்பிலேயே வெடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து மடிப்பை மாற்று. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய வேட்டித் துணியில் சுற்று. ரசகற்பூர உருண்டை சரிகையில் படக்கூடாது. கட்டுவதற்கு ஆசையாக இருந்தால் நாலு மணி நேரம் கட்டு, வியர்வை போக நிழலில் காற்றாட விடு, அப்புறம் மடி. என் கூறைச்சேலையை நான் இதுவரைக்கும் ஆறு தடவை கட்டியிருக்கிறேன். மாமியார் அவருடையதை ஒரே தடவை. அது இப்போது மடிப்புக்கு மடிப்பு கிழிந்து பீரோவில் இருக்கிறது, கையில் எடுத்தாலே வருகிறது.

நெகமம் பருத்திச் சேலைகளை மட்டும் யாரும் பத்திரப்படுத்தவில்லை, கவனித்தீர்களா? கட்டித் துவைத்துக் கட்டித் துவைத்து, நூல் பூவாட்டம் ஆனதும் பிள்ளைக்குத் தூளி கட்டினோம். அதற்கப்புறம் கரித்துணி. எனக்கு மாமியார் வாசனை என்று நினைவில் இருப்பது பட்டு இல்லை, அந்தத் தூளி.

ஈயச்சொம்பு | வியாழன், மாலை 5:05

அம்மணி, நகக்கண் எரிந்ததைச் சேர்த்து எழுதச் சொன்னீர்கள். எங்கள் அம்மாவுக்கும் எரிந்திருக்கும். நான் வேப்பமரத்தடியில் வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் சொம்பை நானே துலக்குகிறேன். வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவர் நம்பவில்லை.

தூக்குப்போசி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:20

எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

போசிக்கு ஈயம் பூசியாகிவிட்டது. உக்கடம் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்று பாத்திரக் கடையில் சொன்னார்கள். புளோயர்தான், துருத்தி இல்லை. நவச்சாரப் புகைக்கு என் பையன் இருமிக்கொண்டே பக்கத்தில் போய் நின்றான். முதல் சமையல் அரிசியும் பருப்பும் சோறு. தாளிப்பைத் தனி வாணலியில் போட்டுக் கொட்டினேன், ஐயா பயப்பட வேண்டாம். அடியில் லேசாகப் பிடித்தது, அந்தக் காந்தலுக்குத்தான் வீட்டில் சண்டை. இரண்டாவது வாரமே பையன் கழுவுகிறேன் என்று கீழே போட்டான். வயிற்றில் கட்டை விரல் அளவுக்கு ஒரு நெளிசல். திரும்பின எழுத்துக்கு நேர் கீழே.

கல்சட்டி கஞ்சியில் ஊறிக்கொண்டிருக்கிறது. அவசரப்படவில்லை.

சந்தகை மிஷினுக்கு எங்கள் வீட்டில் ஆள் போதவில்லை, மூன்று பேர்தான். எதிர் ஃப்ளாட்டிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டோம். மாட்டுக்கு வைக்கச் சொன்ன முதல் இரண்டு ஈட்டுக்கு மூணாவது மாடியில் மாடு கிடைக்கவில்லை, வாசலில் பூ விற்கிற அம்மா வீட்டு ஆட்டுக்கு அனுப்பினோம்.

போன வாரம் அம்மா வந்தார். போசி நெளிசலைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, கட்டை விரலை அதில் வைத்துப் பார்த்தார். ஜமக்காளத்தை வெட்டப்போகிறேன் என்றதும்தான் கோபம் வந்தது. "ஆத்தா இருந்திருந்தா உன்னைய வெட்டியிருக்கும்." தறிக்குழி அண்ணா எழுதினதைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். பிறகு கத்தரியை என் கையிலிருந்து வாங்கி, "உனக்குக் கோடு நேரா வராது" என்று அவரே வெட்டினார். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் இரண்டு பேரும் எட்டு எட்டு இழையாக முடிச்சுப் போட்டோம். அந்த நேரத்தில் ஆத்தாவைப் பற்றி நான் கேள்விப்படாத நாலு கதை வந்தது, அதில் இரண்டை இங்கே எழுத முடியாது.

நாலு தடுக்கு தேறியது. ஒன்றில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இன்னொன்றைப் பையன் எடுத்துக்கொண்டான்.

மிச்சம் இரண்டையும் அம்மா ஊருக்கு எடுத்துப் போய்விட்டார். இன்றைக்குப் போன் செய்து, விரித்தாயா என்று கேட்டேன். இல்லையாம். வேட்டித் துணியில் சுற்றி அட்டாலியில் வைத்திருக்கிறாராம், ஒறம்பரை வந்தால் எடுக்கலாம் என்று.

கட்டுத்தரை | ஞாயிறு, இரவு 9:34

நம்ம கட்டுத்தரையில பூனை மூணு குட்டி போட்டிருக்குதுங்க. அம்மாவுக்கு ஒண்ணு அனுப்பட்டுமா?